மூன்று மணிக்கு மேல்

ஆரியங்காவு சோதனைச் சாவடிக்கு முப்பதடி தள்ளி
பிளைவுட் பலகையில் கிளிப் மாட்டி
இன்றைய கோடீஸ்வரர்களை விற்கிறேன்.
தலைக்கு ஐம்பது ரூபாய்.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
அதற்கு மேல் பலகையில் நிற்பதெல்லாம்
என் காசில் அச்சடித்த வெறுந்தாள்.

ஆனி மாதம் செங்கோட்டையில்
கூட்டுறவு சங்கத்து மாடியில் ஒரு கூட்டம்.
ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம், நீலப் பேனா.
திருநெல்வேலியிலிருந்து வந்த கோமதிநாயகம்
மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
மாதம் ஐந்நூறு போதும்.
இருபத்தைந்து வருடம் தொடாதீர்கள்.
தினமும் எட்டிப் பார்க்காதீர்கள்.
விழும். விழட்டும்.
ஆனால் முதலில்
ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்க வேண்டும்.

'அது இருந்தா நான் எதுக்கு சார்
வேலையை விட்டுட்டு இங்க வாரேன்?'
பின்வரிசையில் ஒரு குரல்.
எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.
அதனால்தான் படிவத்தை வாங்கினேன்.

கேள்வி ஏழு:
உங்கள் பணம் ஒரே மாதத்தில் கால்வாசி குறைந்தால்?
உடனே எடுத்துவிடுவேன்.
காத்திருப்பேன்.
இன்னும் போடுவேன்.

எஸ் வளைவில் மண் சரிந்த வருடம் ஞாபகம் வந்தது.
நாலு நாள் ஒரு லாரி ஏறவில்லை.
பலகை நிறையச் சீட்டு, குடை நிறைய மழை.
டீக்கடை ரேடியோவில் மூன்று மணி அடிக்க
நான் ஒருத்தியே நின்று கேட்டேன்.
ஐந்தாம் நாள் காலை
புனலூர் ஏஜென்டிடம் கடன் சொல்லி
மறுபடியும் ஒரு கட்டு வாங்கினேன்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.
'ரொம்பத் தைரியம்மா' என்றார்.
அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது
அன்றுதான் தெரியும்.

வைக்கோல் லாரி மாசானத்தைச் சொல்ல வேண்டும்.
புதனும் சனியும் வருவான்.
எட்டில் முடிகிற சீட்டுதான், ஒவ்வொரு தடவையும் இரண்டு.
பதினோரு வருடம்.
ஒருமுறை ஐயாயிரம் அடித்தது;
டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும்
புரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

ஒரு ராத்திரி செல்போனில் கணக்குப் போட்டேன்.
வாரம் இருநூறு, பன்னிரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால்
(வைத்துக்கொண்டால், வைத்துக்கொண்டால் என்று
கோமதிநாயகம் மூன்று தரம் சொல்லியிருந்தார்)
இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்.
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
அதேதான் வந்தது.

புதன்கிழமை லாரியை ஓரம் கட்டினான்.
சட்டையெல்லாம் வைக்கோல் தூசி.
'எட்டு இருக்கா செண்பகவல்லி?'

சொல்ல வாய் வந்தது.
என் ஐந்நூறில்
அவன் வாங்குகிற சீட்டின் கமிஷனும் உண்டு என்பது
அதற்கு முன்னால் வந்தது.
பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டையும்
எடுத்துக் கொடுத்தேன்.
'இன்னைக்கு அடிக்கும்' என்றும் சொன்னேன்.
அது எல்லோருக்கும் சொல்வதுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் மலை இறங்கும்போது
பையில் ஒரு சீட்டும் இருக்கக் கூடாது.
கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் அதிர்ஷ்டம்,
இந்தப் பக்கம் அது குற்றம்.
புளியரையில் புதிதாக வந்த போலீஸ்காரர்
பையைத் திறந்தார்.
சோற்று டப்பா, ஈரத் துண்டு,
நாலாக மடித்த ஒரு தாள்.

பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
மூன்று மாதம், ஆயிரத்து ஐந்நூறு.
நாமினி என்ற இடத்தில் யாரும் இல்லை;
அங்கே கொஞ்சம் நின்றார்.
பிறகு கீழே வந்து
'இன்னைக்குத் தேதிக்கு
முப்பத்தேழு ரூபாய் நட்டம்ல இருக்கு' என்றார்.

'இருக்கட்டும் சார்' என்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.