ஒன்பதாம் வரிசை

திங்கள் காலை எக்செல் தாளைத் திறந்ததும்
கண் ஒன்பதாம் வரிசையில் நின்றது:
நைனா முகமது, ஓட்டுநர், இரண்டாம் வண்டி,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
மூடிவிட்டு எழுந்து
சன்னல் கண்ணாடியைத் துடைத்தேன்.
பனி வெளியில் இருந்தது.

வங்கியில் இருப்பது நாற்பத்தோரு நாளுக்கு.
ஒரு வண்டியை நிறுத்தினால் அறுபது.
கணக்காளர் போஜன் இதைச் சொன்னபோது
தன் சொந்தக் கடனைச் சொல்பவர்போல
மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய், சோலூர்மட்டம்.
எப்போதும் எனக்கு முன்னிருக்கை. அன்று
பின்னால், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில்.
"முதுகு வலி" என்றேன், யாரும் கேட்காமலே.
வளைவில் ஒரு காட்டெருமை
சுங்கம் வசூலிக்க வந்ததுபோலக் குறுக்கே நின்றது.
நைனா எஞ்சினை அணைத்தார்.
அது யோசித்து முடிக்கும்வரை சும்மா இருந்தோம்.
இந்த வாரத்தில் யாருக்கும் நான்
அறிக்கை தரவேண்டாத பதினோரு நிமிடம்.

எஸ்டேட் லைன் வீட்டில் மாரியாயி. வயிற்றில் புற்று.
நர்ஸ் செலின் மார்ஃபின் மாத்திரைகளை
எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்க
என்னைப் பார்த்து, "இந்தம்மா யாரு?"
"எங்க பெரிய மேடம்."
"என்ன வேல பாக்குறாங்க?"
செலின் கொஞ்சம் யோசித்தாள்.
"கேட்டு வாங்குறாங்க."
அதுதான் சரியான பதவிப்பெயர்.
விசிட்டிங் கார்டில்
தலைமைச் செயல் அலுவலர் என்று
தப்பாக அச்சாகியிருக்கிறது.

புதனும் வியாழனும் ஒரே கிழமை.
பயன்பாட்டுச் சான்றிதழ்.
மூன்று கொட்டேஷன் இல்லாமல் வாங்கிய
ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஆடிட்டரிடம் மன்னிப்பு.
பெங்களூர் நிறுவனத்தோடு ஜூம்;
பாதியில் கரண்ட் போய்,
மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிமேல்
செல்போனைச் சாய்த்துவைத்துப் பேசினேன்.
"ஒரு பயனாளிக்கு என்ன செலவு மேடம்?"
சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டான்.
"மாதம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது."
"குணமாகிறவர்கள் எத்தனை சதவீதம்?"
ஒரு மேகம் தொட்டிக்கும் எனக்கும் நடுவே போயிற்று.
"எங்களிடம் யாரும் குணமாவதில்லை சார்.
அலறாமல் போகிறார்கள்."
திரை உறைந்தது.
சிக்னலா, அவன் முகமா, தெரியவில்லை.

வெள்ளி மாலை எல்லோரும் போனபின்
நைனா சாவியை மேசைமேல் வைத்தார்.
என்னிடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றிருந்தது,
"நிதிநிலை காரணமாக" என்று தொடங்கும்.
"செவ்வாக்கிழமையே தெரியும் மேடம்.
பின்னாடி போய் உக்காந்தீங்களே."
பிறகு, கோபமில்லாமல்,
இல்லை, கோபத்தோடுதான்:
"எதுக்கு பொய்யா ஒரு முதுகு வலி?
நெசமான வலிக்காக ஓடுற வண்டி அது."

இரண்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னேன்.
மூன்று என்றார்.
அறுபது நாள் ஐம்பத்தெட்டாயிற்று.
ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்த வரிசையை நீக்கினேன்.
பத்தாவது உடனே மேலேறி ஒன்பதானது.
ஒரு நொடிகூடக் காலியாக இல்லை அந்த இடம்.

ஞாயிறு. கேரட் வாங்கினேன்.
துணி காயவில்லை.
யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதவில்லை.
இரவு பதினொன்றரைக்கு நைனாவிடமிருந்து போன்.
"மாரியாயிக்கு மூச்சு வாங்குதாம். மக அடிச்சா."
"ஆபீசுக்கு வரலையே?"
"அந்த நம்பர் யாருகிட்ட மேடம் இருக்கு?
எல்லார்கிட்டயும் என் நம்பர்தான்."
கொஞ்சம் நிறுத்தி,
"சாவி உங்ககிட்ட" என்றார்.

செலினை எழுப்பிவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.
ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.
தார்ப்பாய் முடிச்சு அவர் போட்டது,
எனக்கு அவிழ்க்கத் தெரியாது.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"கை ஆடுது மேடம்" என்றார்.
"இப்படிக் காட்டுங்க."