ஆறில் ஐந்து போனால்

கோட்டையடிக் கடற்கரை மைதானம்.
எனக்குக் காவல் ஐந்து பேர்.
எதிரே ஆறு பேர் குனிந்து நிற்கிறார்கள்,
எல்லோரும் பாயப்போவதுபோல.

ஆறு பேர் வருவார்கள், நிச்சயம்.
எந்த ஆறு?

பந்து கைக்கு வந்ததும்
முறைத்துக்கொண்டு நின்ற ஜெசீல் பின்வாங்குகிறான்.
அவனைத் தடுக்கவென்று நின்ற இருவரும்
காற்றைத் தடுக்கிறார்கள்.
ஓரத்தில் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த
துவாரகன் வருகிறான்.
மீதி ஒன்று.
அதற்கு என் விலா எலும்பு தெரியும்.

வருகிறவன் ஓர் இடத்தை
விட்டுவிட்டுத்தானே வரவேண்டும்!
அங்கேதான் எறிந்தேன், விழுந்துகொண்டே.

வாய்க்குள் மணல்.
தலையைத் தூக்கினால்
அந்த வெறும் இடத்தில்
எங்கட பெடியன் ஒருத்தனும் இல்லை.

கோட்டைப் புள்ளிமான் ஒன்று
பந்தை மோந்து பார்த்தது.
பிறகு
புல்லுக்குத் திரும்பியது.