ஐந்தரைக்கு எழும்புதல்

குளிசை இல்லை என்றார் டொக்டர் ருஸ்னா.
கோடு கீறிய கொப்பி ஒன்றைத் தள்ளினார்:
படுத்த நேரம், கண் அயர்ந்த நேரம்,
இடையில் விழித்தது எத்தனை தரம்.
பன்னிரண்டரைக்கு முன் கட்டிலில் ஏறக்கூடாது,
ஐந்தரைக்குப் பின் அதில் கிடக்கக்கூடாது,
ஞாயிற்றுக்கிழமையும்தான்.
நித்திரை இல்லாதவளிடம்
நித்திரை கொள்ளும் நேரத்தையும் பறிக்கிற வைத்தியம்!
பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தேன்.
ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மணிக்கூட்டைப் பார்க்காதே என்றதால்
அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
அங்கிருந்தும் கேட்டது
கறையான் தின்பது போல.

இருபது நிமிடம் புரண்டால் எழும்ப வேண்டும்.
நிமிடத்தை எதைக் கொண்டு அளப்பது?
“உத்தேசமாக,” என்றார்.
உத்தேசமாக எழும்பினேன்.
முன்னறையில் பிளாஸ்ரிக் கதிரை, மங்கல் விளக்கு,
பழைய மின்சார பில்களைத் திகதிப்படி அடுக்கும் வேலை.
டைக் வீதிக்கு அப்பால் கடல்
யாரோ தரை துடைப்பது மாதிரி வந்து வந்து போனது.
உள்ளே தவநேசன்
குறட்டையால் கரைவலை இழுத்தார்.
அவரில் எனக்கு வந்த கோபத்துக்கு
கொப்பியில் நிரல் இல்லை.

இரண்டு மணி இருக்கும், மான்கள் வந்தன.
கோட்டைப் பக்கமிருந்து நான்கு, பின்னால் ஒரு குட்டி,
தார் வீதியில் குளம்பு தட்டி,
குப்பைப் பையை முகர்ந்துகொண்டு.
பப்பாசித் தோலை மதிலில் வைத்தேன்.
அடுத்த இரவும் வைத்தேன்.
விழித்திருப்பவர்களுக்குள் ஒரு மரியாதை.

‘இன்றும் உறங்காவிட்டால் நாளை தொலைந்தேன்.’
இதை எழுதி, எதிரே சான்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்:
ஏழு வருடம். வாகன வரிக் கவுண்டர்.
காசு பிழைத்தது இரண்டே தரம்.
அதில் ஒன்று, நன்றாக உறங்கி எழுந்த நாள்.

இரண்டாம் கிழமை நரகம்.
முத்திரை குத்தக் கை ஓங்கியபடியே கண் செருகியது.
வரிசையில் நின்ற லொறிக்காரர்
“மிஸ், நாளைக்கு வரட்டா?” என்றார்.
ஆனால் இரவில்,
கண்டதும் சண்டைக்கு வரும் கட்டில்
கொஞ்சம் கொஞ்சமாய் வெறும் பலகையாயிற்று.

நான்காம் கிழமை, வியாழன்.
அரிசிக்குள்ளிருந்து அலாரம் அடித்தபோது
வாயோரம் எச்சில்.
மதிலில் தோல் இல்லை.
எத்தனை மணிக்கு வந்தன, குட்டியும் வந்ததா,
தெரியாது.
‘விழித்தது எத்தனை தரம்’ கட்டத்தில்
பூச்சியம் போட்டேன்.
பிறகு அழித்துவிட்டு
ஞாபகமில்லை என்று எழுதினேன்.

வெள்ளி, மறுபடி மூன்று தரம்.