ஈட்டிய விடுப்பு பதினாறு நாள்

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி
ஏற்கெனவே வடக்கே போயிருக்கிறாள்.
தேரும் படையுமாய்த் திக்கெல்லாம் வென்று
கயிலாயம் வரைக்கும்.
திரும்பும்போது மாப்பிள்ளையோடு வந்தாள்.
எனக்கு அந்த உத்தேசம் இல்லை.
எனக்கு இருப்பது
ஈட்டிய விடுப்பு பதினாறு நாள்,
கோரக்பூர் வரை வெயிட்டிங் லிஸ்டில் நாற்பத்தொன்று,
அப்புறம் ரெஜினா.

ரெஜினா பழங்காநத்தத்தில் வங்கிக் காசாளர்.
எல்லை தாண்டினால் ஐந்நூறு செல்லாது என்று
யாரோ சொல்லப்போய்
நூறு நூறாக மாற்றித் தந்துகொண்டேயிருக்கிறாள்.
பருப்பு டப்பாவுக்குள்
ஒரு மலை வளர்கிறது.

விளக்குத்தூண் கடையில்
சித்திரை மாதம் கம்பளிச் சட்டை கேட்டேன்.
ஏற இறங்கப் பார்த்தார்:
"வீட்ல யாருக்கும் ஜன்னியா தங்கச்சி?"

ஞாயிறு விடிகாலை கீழக்குயில்குடி.
முதுகுப் பையில் எட்டுக் கிலோ கல்லுப்பு.
கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச்
சமணர் மலைப் படியில் ஏறி இறங்கி
மறுபடி ஏறி.
பேச்சிப்பள்ளத்துப் பாறையில் நிற்கிறவர்கள்
ஆயிரம் வருசமாய் எங்கும் போகவில்லை.
எங்கள் மூச்சிரைப்பைப் பார்த்துக்கொண்டு
அப்படியே நிற்கிறார்கள்.
வேர்வையில் உப்பு கசிந்து
முதுகெல்லாம் வெள்ளை எனக்கு.
"பனி பிடிச்சிருச்சுடி" என்றாள் ரெஜினா.

மாசம் பிறந்ததும் காசு வாங்க வரும்
கூர்க்கா தில்பகதூரிடம்
வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.
விசிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு
விரலால் எங்கள் பாதையிலேயே நடந்து வந்தான்.
கடைசித் தங்குமிடத்துக்கு முன்னால்
இடப்பக்கம் திரும்பி
தாளைவிட்டு இறங்கி
மேசையின் சன்மைக்கா மேல்
இன்னும் ஒரு சாண் போய்
நின்றான்.
"இங்க வீடு."

மேலே போயிருக்கியா என்றேன்.
"அது பாக்க வர்ற ஆளுங்க போற எடம்க்கா.
நாங்க உப்பு வாங்கக் கீழ வருவோம்.
ரெண்டு நாள் நடை."

மூலையில் என் பை சாய்ந்திருந்தது.
காலால் அதைக்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

போன மாசப் பாக்கியும் சேர்த்து
நூறு ரூபாய் கேட்டான்.
டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இரவு ரெஜினாவுக்குப் போன் போட்டு
எல்லாம் சொல்லி
இன்னும் நாலு நாள் கூட்டலாமா என்றேன்.
சம்பளம் பிடிப்பார்களே என்றாள்.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டாள்:
"அந்த எட்டுக் கிலோவ
யாரு தூக்குறது?"