பண்பேற்றம்

போடிமெட்டில் வீருசின்னு கத்தினாள்:
"ஏய், தூக்கு இங்கனயே கெடக்கு!"
குரல் முதல் வளைவிலேயே விழுந்தது.
ஜீப் போய்விட்டது.

வெறுங்குரலை வானேற்ற
மலையைவிட உயரமாய்க் கம்பி நடணும்.
நட்டாலும், முந்தல் முதல் பூப்பாறைவரை
எல்லார் வாயும் ஒரே காதில் மொய்க்கும்.

எஸ்டேட் வயர்லெஸ்ஸின் பொத்தானை அமுக்கினேன்.
காதுக்கு எட்டாத வேகத்தில் ஓர் அலை கிளம்பியது,
ஏலக்காட்டு ஜீப் மாதிரி.
அதற்கென்று சொல்ல ஒன்றுமில்லை.
ஆள் ஏறினால் அமுங்கும்,
இறங்கினால் எழும்;
அந்த அமுக்கம்தான் பேச்சு.

சாந்தன்பாறையில் குஞ்ஞப்பன்
ஜீப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
குரலை மட்டும் காதில் வாங்கினான்:
"பவுன்தாயியோட தூக்கு."

இரைச்சல் துளியுமில்லை.

"தூக்கோ? எண்ட தெய்வமே, எப்போ?"

சோறு, சட்டி, கத்திரிக்காய்க் குழம்பு என்று
ஒவ்வொன்றாய் ஏற்றி அனுப்பினேன்.