கோடு குறுக்கே போன வீடு

ஜனவரி ஒன்று விடுமுறை.
இரண்டாம் தேதி வேலைக்கு வந்தபோது
எங்கள் மாவட்டம் இல்லை.
மற்றபடி எல்லாம் இருந்தது.
மூன்றாம் முகப்பு, ஒரு பக்கம் சாயும் நாற்காலி,
போன வருசமே ரிப்பேருக்கு எழுதிய ஏர்கோன்.

கெருயிங்கை உலு மெராந்தியோடு சேர்த்தாயிற்று.
கடிதத்தில் 'ஒருங்கிணைப்பு'.
என்சிக் ரொஸ்லான் 'கல்யாணம்' என்றார்.
'சீர் யார் செஞ்சது?' என்றாள் மிஸ் கூய்.
பழைய முத்திரைகளை பிஸ்கட் டின்னில் போட்டு
பூட்டச் சொன்னார்கள்.
சாவி என்னிடம்.

பத்தரைக்கு தங்கபுஷ்பம் வந்தார்,
ஐந்தாங்கட்டையிலிருந்து.
கம்பெனி கைமாறி, லயம் இடித்து,
செம்பனைக்கு நடுவே கட்டிக் கொடுத்த
மலிவு வீடுகளில் கடைசி வீடு.
எல்லைக்கோடு அதற்குள்தான் போகிறது.
எந்தக் காலத்து சர்வேயரோ
ஒரு பால்மரத்தை அடையாளம் வைத்திருக்கிறார்.
மரத்தை வெட்டினார்கள், கோடு நின்றுவிட்டது.
கூடம் கெருயிங்கில்,
அடுப்பு உலு மெராந்தியில்.
சோறு அங்கே வெந்து இங்கே வரும்.

வாய்க்கால் அடைத்தால்
உங்கள் வீடு எங்கள் எல்லையில் இல்லை என்று
நாங்கள் எழுதுவோம்.
அதையே அவர்களும் எழுதுவார்கள்,
இன்னும் நல்ல தாளில்.
கொசுப்புகை வண்டி அவர் வாசலோடு திரும்பிவிடும்.
கொசு திரும்பாது.
வரி கேட்டு யார் போனாலும்
அவரவர் கடிதத்தை அவரவரிடமே காட்டுவார்.
பதினேழு வருசம்
ஒரு வெள்ளி கட்டவில்லை.

இப்போது கணினி
கூடத்தையும் அடுப்பையும் கூட்டிவிட்டது.
இரண்டாயிரத்து நாற்பது வெள்ளி,
அபராதம் தனி.

அவர் சத்தம் போடவில்லை.
பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து
கண்ணாடித் துளைக்குக் கீழே
அருகருகே வைத்தார்.
'அவங்களும் இல்லன்னாங்க, நீங்களும் இல்லன்னீங்க.
இல்லையும் இல்லையும் கூட்டினா
எப்படிம்மா இருக்குன்னு வரும்?'

பின்னால் நாய் லைசன்சுக்கு நின்றவர்
இருமினார்.

'பதினேழு வருசம் நான் எங்க குடியிருந்தேன்?
அத மட்டும் எழுதிக் கொடு, கட்டிடறேன்.'

மாவட்டப் பட்டியலைத் திறந்தேன்.
கெருயிங் இருந்த இடத்தில்
வெற்றிடம்கூட இல்லை,
மேலேயும் கீழேயும் இருந்தவை
நெருங்கி உட்கார்ந்திருந்தன.
ரொஸ்லான் மேலே பார்த்தார்.
மேலே ஏர்கோன் சொட்டிக்கொண்டிருந்தது.

டின்னைத் திறந்தேன்.
முத்திரையில் தேதிச் சக்கரம்
டிசம்பர் முப்பத்தொன்றிலேயே நின்றிருந்தது.
அவர் புகார்த் தாளின் ஓரத்தில் வைத்து
அழுத்தினேன்:
கெருயிங் மாவட்ட மன்றம், பெற்றுக்கொண்டோம்.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
'மை பத்தல' என்றார்.

இன்னொரு முறை குத்தினேன்.