பதினோராம் பாடம்

உங்கள் வேகத்தில் கற்கலாம் என்றது திரை.
என் வேகம் என்னவென்று
அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.
எனக்குத் தெரிந்தது பட்டையின் வேகம்:
நிமிடத்துக்குப் பதினாறு துண்டு காட் மீன்.
விரலால் தடவி முள் தேடு,
அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் புழுவைப் பார், பிடுங்கு.
அடுத்தது.
அடுத்தது.

ஈசாஃபியோர்தூரில் நவம்பர் முடியுமுன்பே
மலை சூரியனை எடுத்து வைத்துக்கொள்ளும்.
ஓய்வறையில் எங்கள் மேசை போலிஷ் பேசும்,
சன்னல் மேசை தகலோக்,
காப்பி இயந்திரத்தருகே தாய்லாந்துக்காரிகள் இருவர்.
இந்த ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால்
இந்த ஊரிலிருந்து அறைக்குப் போய்
கதவைச் சாத்தி
காதில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வியெஸ்வாவா.
பாடம் என்னை வியெஸ்லாவா என்கிறது.
அதைத் திருத்தப் பொத்தான் இல்லை.

முதல் வாரம் ஒரு குதிரை தந்தார்கள்.
குதிரை நின்றது. குதிரையைப் பார்த்தேன்.
குதிரைக்குப் புல் போட்டேன்.
ஒவ்வொரு தடவையும் அதற்கு வேறு வால்.
பிறகு எண்கள் வந்தன.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
அவற்றுக்கும் வால் முளைத்து ஆடியது.
ஐந்துக்கு வால் இல்லை.
அன்று முதல் கடையில் எதைக் கேட்டாலும் ஐந்தாகக் கேட்டேன்:
ஐந்து வெங்காயம், ஐந்து பன்,
ஒருமுறை ஐந்து துடைப்பம்.

அறைத்தோழி கெனோவெஃபா
மூன்றே மாதத்தில் நாற்பது பாடமும் முடித்தாள்.
சான்றிதழ் குளிர்ப்பெட்டிக் கதவில் இருக்கிறது.
பேக்கரியில் அவள் விரலால் சுட்டுகிறாள்.

நான் பதினொன்றில் நின்றுவிட்டேன்.
உங்களைக் காணோமே, என்று பாடம் எழுதும்.
நாற்பத்தோரு நாள் ஆயிற்று, என்று எழுதும்.
என்னைத் தேடி வேறு யார் எழுதுகிறார்கள்?
காணாமல் போகவில்லை நான்.
பதினோராம் பாடத்தின் இரண்டாம் ஒலிப்பதிவில் இருந்தேன்.

ஒருவன் கேட்கிறான்: சாலை திறந்திருக்கிறதா?
ஒருத்தி சொல்கிறாள்: யௌ.
ஆமாம் என்பதுதான்.
ஆனால் அந்தச் சொல் வெளியே வரவில்லை,
உள்ளே போகிறது.
சில்லென்ற கை முதுகில் பட்டாற்போல
மூச்சை இழுத்துக்கொண்டு சொல்கிறாள்.
ஏதோ நடந்திருக்கிறது அவளுக்கு, அந்த ஒரு நொடியில்.
வெளியூரிலிருந்து சேதி வந்திருக்கலாம்.
காப்பி சுட்டிருக்கலாம்.
பின்னால், வெகு பின்னால், ஒரு கதவு மூடும் சத்தம்:
போனது யார்?
திரும்ப ஓட்டினேன்.
மீனில் முள் தேடும் அதே விரலால்
திரும்ப, திரும்ப.
பன்னிரண்டாம் பாடத்துக்குப் போனால்
அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போவதாகிவிடும்.

ஜனவரிக் கடைசியில் சூரியத் தெருவில் வெயில் விழுந்தது.
ஒரு முழம் இருக்கும்.
அதற்கே ஊர் முழுக்க காப்பியும் பான்கேக்கும்.
பேக்கரியில் என் முறை வந்தபோது
ஐந்து என்ற சொல்கூட ஓடிவிட்டது.
வாயில் இருந்ததைச் சொன்னேன்:
சாலை திறந்திருக்கிறதா?

சட்டைக் கையில் மாவு ஒட்டிய பையன்
சிரிக்கவில்லை.
கண்ணாடிக்கு வெளியே கணவாய்ப் பக்கம் பார்த்தான்.
மூச்சை உள்ளே இழுத்தான்.
யௌ.

சேதி எதுவும் வரவில்லை அவனுக்கு.
எதுவும் சுடவில்லை.
இங்கே ஆமாம் என்றால் இப்படித்தான்,
அவ்வளவுதான்.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு அவன் நீளமாக ஏதோ கேட்டான்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
பின்னால் வரிசை நெளிந்தது.
மூச்சை இழுத்துக்கொண்டு
யௌ என்றேன்.
அவன் தலையாட்டிப் பையில் போட்டுக் கட்டினான்.

எத்தனை என்று
அறைக்கு வந்துதான் எண்ணிப் பார்த்தேன்.
சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக்.
மூன்று.
வால் உள்ள எண்.